வலது முன் சில்லு

ரஸீனின் கராஜ் வாசலில் வேனை நிறுத்திய பிறகும் கஜனி இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் கதவை ஓங்கி அறைந்துவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. வேன் பழையது. கதவு தாங்காது.

நாளை திங்கட்கிழமை. நாளையிலிருந்து இந்தப் பள்ளிக்கூட வேனை அவளுடைய அண்ணன் கிருஷ்ணராஜ் ஓட்டப்போகிறார். வேன் அவர் பெயரில் இருக்கிறது. மாநகர சபையில் வேலை கிடைத்தபோது தங்கையிடம் ஓட்டக் கொடுத்திருந்தார்; இப்போது காலையும் மாலையும் தானே ஓட்டுவதாகப் பெற்றோர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடந்ததன் விளைவு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவளும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தாள். முன்னால் போன த்ரீவீல் ஆட்டோ நின்றது. அவள் பிரேக்கில் கால் வைத்தாள். பெடல் உள்ளே போகாமல், கீழிருந்து யாரோ சுத்தியலால் அடிப்பதைப்போல் பாதத்தில் தடதடவென்று உதைத்தது. வேன் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல் போய் த்ரீவீலின் முதுகில் மோதியது. முன்சீட்டில் இருந்த பள்ளிச் சிறுமி நுஸ்ஹாவின் முகம் டேஷ்போர்டில் இடித்து உதடு கிழிந்தது.

"நோனா, பிரேக் எது எக்ஸலேட்டர் எதுன்னு தெரியாட்டி பஸ்ல போங்களேன்" என்றான் த்ரீவீல்காரன், சீமாட்டியிடம் பேசுவதுபோல். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நுஸ்ஹாவின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெற்றோர்கள் கூடி நின்று கேட்டபோது அண்ணன் அவளுக்காகப் பரிந்து பேசினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பொம்பளப் புள்ளதானே, பதறிட்டா. கால் மாறிப் போச்சு. இதுக்குப்போய் அவளத் திட்டாதீங்க" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார்! தலையைத் தடவிக் கொடுக்காத குறை.

கால் மாறவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் முதல் நாள் நினைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் அடுப்படியில் நின்றபடியே வலது காலைத் தரையில் அழுத்திப் பார்க்கத் தொடங்கினாள். இப்படித்தானே வைத்தேன்? இல்லை, கொஞ்சம் வலப்பக்கமாகவா? ஊர் முழுக்கச் சேர்ந்து சொன்னால் சொந்தக் கால்கூட அந்நியமாகிவிடுகிறது. அந்தச் சந்தேகத்தை அவளுக்குள் விதைத்தவர்கள்மீது வந்த கோபம், சந்தேகப்பட்ட தன்மீது வந்த கோபத்தோடு கலந்து, எது யார்மீது என்று பிரிக்க முடியாதபடி ஆகியிருந்தது.

ரஸீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் குனிந்தார். "என்ன தங்கச்சி, வேனுக்குள்ளயே குடியிருக்கப் போறீங்களா?"

"நானா, நீங்கதானே அன்னைக்கு எல்லார் முன்னாலயும் பிரேக்ல ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?"

"ஓ, சொன்னேன். மடவளை ரோட்டுல நல்லா வெரட்டிப் பாத்தேன். ஒரு மிதி மிதிச்சா நட்டு வெச்ச மாதிரி நிக்குது. இல்லாத நோயச் சொல்ல ஏலுமா?"

"வெரட்டித்தானே பாத்தீங்க. நான் நடந்து போற வேகத்துலதான் வந்தேன். அந்த வேகத்துல பாத்தீங்களா?"

ரஸீன் தாடியைச் சொறிந்தார். "பாக்கல்ல" என்றார்.

"பாக்காமத்தான் சொன்னீங்க."

"இந்தா, காலங்காத்தால கண்ணால எரிக்காதீங்க. பெடல் எப்படி ஒதச்சிச்சு? ஒருக்கா சொல்லுங்க."

அவள் இறங்கி, தன் உள்ளங்கையில் மற்றக் கை முட்டியால் குத்திக் காட்டினாள். தட்தட்தட். ரஸீனின் முகத்திலிருந்து விளையாட்டுத்தனம் போயிற்று.

"அது ஏ.பி.எஸ். வேல செய்ற சத்தம். சில்லு பூட்டிக்கிட்டு வழுக்கினா, பிரேக்க விட்டு விட்டுப் புடிக்கிற ஏற்பாடு. ஒவ்வொரு சில்லுலயும் ஒரு சென்சர் ஈக்குது. சில்லு எந்த வேகத்துல சுத்துதெண்டு அதுதான் பிரேக்க நடத்துற கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்றது. ஒரு சென்சர் 'நான் நிண்டுட்டேன்' எண்டு பொய் சொன்னா, ஆஹா வழுக்குதாக்கும் எண்டு நெனச்சுப் பெட்டி பிரேக்க விட்டுடும். மெதுவாப் போகக்குள்ளதான் அப்படி வரும்." சொல்லிக்கொண்டே வந்தவர் தலையை ஆட்டினார். "ஆனா சென்சர் பழுதெண்டா லைட் பத்தியிருக்கணுமே. லைட் பத்திச்சா?"

"ஒரு லைட்டும் பத்தல."

ரஸீன் உள்ளே போய், வாகனக் கோளாறு காட்டும் ஸ்கேனரைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார். "இந்தக் கெழட்டு வேனோட இது பேசாது. இதுக்கு வேற பாஷை." ஒரு துண்டு வயரை எடுத்து வந்து, டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சொக்கட்டின் இரண்டு துளைகளில் செருகினார். "இப்ப சாவியப் போடுங்க. அந்த மஞ்சள் லைட் சிமிட்டும். எத்தன தரம் சிமிட்டுதெண்டு எண்ணினா எந்தச் சில்லுண்டு தெரியும்."

அவள் சாவியைத் திருப்பினாள். எண்ணெய் விளக்கு எரிந்தது. பாட்டரி விளக்கு எரிந்தது. கைப்பிரேக் விளக்கு எரிந்தது. இருவரும் காத்திருந்தார்கள். வேறொன்றும் எரியவில்லை, சிமிட்டவுமில்லை.

"நானா, அந்த லைட் எங்க இருக்கணும்?"

ரஸீன் விரலால் தொட்டுக் காட்டினார். மீட்டரின் இடது மூலையில் மங்கலாக எழுத்து இருந்தது. இரண்டு வருடமாக அவள் இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூலையில் வெளிச்சத்தைக் கண்ட ஞாபகமே இல்லை. சாவி போட்டதும் ஒரு கணம் எல்லா விளக்கும் எரிந்து அணைய வேண்டும், எல்லா வாகனத்திலும் அப்படித்தான். இதில் ஒன்று எரிவதேயில்லை என்று அவள் கவனித்ததில்லை.

ரஸீன் ஸ்க்ரூக்களைக் கழற்றி மீட்டர் போர்டை முன்னால் இழுத்தார். அதன் பின்பக்கம் வரிசையாகப் பல்புகள். ஓரிடத்தில் மட்டும் பல்பு இல்லை. வெறும் துளை, அதன்மேல் கறுப்பு டேப். அவசரத்தில் ஒட்டியதல்ல. வட்டமாக வெட்டி, ஓரம் கிளம்பாமல் அழுத்தி ஒட்டியிருந்தது.

"பல்பு தானாப் போயிருந்தா டேப் எதுக்கு?" என்றார் ரஸீன். "யாரோ வேணுமுண்டே கழட்டீக்கிறாங்க. எண்ட கை இல்ல தங்கச்சி, அல்லாஹ் மேல ஆணையா."

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. கைபேசியை எடுத்து அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, மீட்டர் போர்டுல ஒரு பல்பு இல்ல."

"ஆமா, நாந்தான் கழட்டினேன். ஏன்?"

இவ்வளவு இலேசாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மறுப்பார், மழுப்புவார் என்று நினைத்து அதற்கேற்ற சொற்களைத் திரட்டி வைத்திருந்தாள். அவையெல்லாம் வீணாகிப் போயின.

"ஏன் கழட்டினீங்க?"

"அது ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் அணையும். முன்சீட்டுல ஏறுற பெத்தவங்க அது என்ன லைட்டு, இது என்ன லைட்டுன்னு கேக்குறாங்க. வேன் நல்லாத்தானே ஓடுது? செவப்பு லைட்டுன்னா பயப்படணும். அது மஞ்சள்தானே."

"ரஸீன் நானாட கராஜுக்கு வாங்க."

"நான் சலூன்ல இருக்கேன்டி."

"பாதித் தலையோட வாங்க."

அவர் வருவதற்குள் ரஸீன் வேறொரு விளக்கின் பல்பை உருவி அந்தத் துளையில் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. நிறுத்தி நிறுத்தி, பொறுமையாக. ரஸீன் விரலை மடித்து எண்ணினார். ஒரு சுற்று முடிந்து மறு சுற்றும் எண்ணிய பிறகு, "வலது முன் சில்லு" என்றார்.

அவளுடைய காலுக்கு நேர் கீழே இருக்கும் சில்லு.

ரஸீன் ஜாக்கை உருட்டிக்கொண்டு வந்தார். அவள் குறுக்கே நின்றாள்.

"இப்ப வேணாம். அண்ணன் வரட்டும். இப்படியே அவர் ஓட்டிப் பாக்கட்டும்."

"எதுக்கு வீணா? செஞ்சு முடிச்சுக் கையில தாறேனே."

"செஞ்சு முடிச்சா நிக்கும். அப்ப 'பாத்தியா, வேன் நிக்குது, நீதான் பதறிட்ட'ம்பாங்க. நீங்களும் சேந்துதான் சொல்வீங்க."

ரஸீன் ஜாக்கைக் கீழே விட்டார்.

கிருஷ்ணராஜ் கழுத்தில் மயிர்த் துணுக்குகள் ஒட்டியிருக்க வந்து சேர்ந்தார். கராஜுக்குப் பின்னால் ஆற்றோரமாக ஒரு வெற்றுத் தரை. கட்டட வேலைக்காக மணல் குவித்திருந்தார்கள். மணலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய டயரைப் போட்டாள் கஜனி. "நடந்து போற வேகத்துல வாங்க. டயர்கிட்ட வந்ததும் எப்பவும் புடிக்கிற மாதிரி புடிங்க" என்று சொல்லி, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"வீணான சோதனை" என்றார் அண்ணன். ஓட்டினார். டயருக்குப் பக்கத்தில் பிரேக்கை மிதித்தார். வேன் அழகாக நின்றது.

"பாத்தியா?" என்றார். அவள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "நான் ஒண்ணும் ஒன்னைக் குத்தம் சொல்லலியே. எல்லாருக்கும் ஒருக்கா தவறும்."

அப்படியானால் தன் கால்தானா? ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் நாளையைப் பார்த்தாள். அதற்கடுத்த நாட்களையும் பார்த்தாள். வேனில் அவள் இடப்பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள், அண்ணன் ஓட்டுகிறார், எதிரே வருகிறவர்கள் பாவம் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"திரும்ப வாங்க" என்றாள்.

"எத்தனை தடவடி?"

"நிக்காமப் போற வரைக்கும்."

அவர் பின்னால் எடுத்து, திரும்ப வந்தார். டயர் நெருங்கியது. மிதித்தார். அவருடைய முழங்கால் துள்ளியதை அவள் கண்டாள். தடதடதட. வேன் டயரைத் தாண்டி, அவசரமே இல்லாமல், மணலில் மூக்கைப் புதைத்தது.

"கல்லு" என்றார் அண்ணன் உடனே. "அடியில கல்லு. வழுக்கிருச்சு."

"வழுக்கல. இன்னொரு தடவ."

மூன்றாம் முறையும் உதைத்தது. அவர் பெடலை விட்டுக் காலை எடுத்து, செருப்பைப் பார்த்தார். செருப்பில்தான் ஏதோ ஒட்டியிருப்பதைப்போல். கஜனிக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. இத்தனை நாள் அடுப்படியில் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தாளே, அதற்கு யார் பொறுப்பு? மணல் மெதுவாகச் சரிந்து பொனட்டின் மேல் விழுந்தது.

"பொம்பளப் புள்ள பதறிட்டா" என்றாள் கடைசியில். "நீங்க எதுக்கண்ணே பதறினீங்க?"

கிருஷ்ணராஜ் ஆற்றின் பக்கம் பார்த்தார்.

சில்லைக் கழற்றியதும் ரஸீன் விசிலடித்தார். சென்சர் இருந்த இடத்தில் துரு பொரிப்பொரியாகக் கிளம்பி, சென்சரையே மேலே தள்ளியிருந்தது. அது உள்ளேயிருக்கும் பல்வளையத்துக்குக் கிட்ட இருக்க வேண்டியது. தள்ளிப் போனால் சமிக்ஞை மெலியும். அதைவிட மோசம் வயர். எந்தக் காலத்திலோ அறுந்ததை யாரோ முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. மின்சாரம் அளக்கும் மீட்டரின் முனைகளை வைத்து ரஸீன் வயரை இலேசாக அசைத்தார். இலக்கம் வந்தது, மறைந்தது, வந்தது, மறைந்தது.

"இத ஆத்துல எறக்கியா கழுவுறீங்க?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணராஜ் வேனை ஆற்றுக்குக் கொண்டுபோய், சில்லு பாதி மூழ்கும்வரை இறக்கி நிறுத்துவார். பாறையில் நின்று வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுவார். வத்தேகம லைனில் இவ்வளவு பளபளப்பான வேன் வேறில்லை என்று பெயர். கஜனியும் கூடப் போய்த் தேய்த்திருக்கிறாள்.

"சூடா ஈக்கிற சில்லத் தண்ணிக்குள்ள விட்டா அது உறிஞ்சத்தானே செய்யும்? மேல கண்ணாடி மாதிரி வெச்சீக்கிறீங்க, அடியில அழுகிக் கெடக்குது."

கராஜின் மூலையில் இதே வகையைச் சேர்ந்த உடைத்த வேன் ஒன்று கிடந்தது. அதிலிருந்து சென்சரைக் கழற்றுவதற்குள் ரஸீன் வாய்க்குள் யார் யாரையோ ஏசினார். எண்ணெய் அடித்து, தட்டி, திருகி, முழுசாக எடுத்தார். அழுகிய இடத்தை உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தது கஜனி. ரஸீன் தடுத்தும் கேட்கவில்லை. அவளுக்கு எதையாவது அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. பொருத்தி முடித்ததும் ரஸீன் மீட்டரைப் பிடிக்க, அவள் சில்லைக் கையால் சுற்றினாள். வேகமாகச் சுற்றச் சுற்ற இலக்கம் ஏறியது. இடது சில்லையும் சுற்றி ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல் பேசின. பிறகு அதே டயருக்கு முன்னால் அவளே ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். அலுக்கும்வரை. சாவி போட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்து, தானாக அணைந்தது.

"ஏறுங்க" என்றாள் அண்ணனிடம். "ஹிதாயா வீட்டுக்குப் போறோம்."

ஹிதாயா, நுஸ்ஹாவின் தாய். அவள் வீடிருக்கும் சிறு சந்தான ஒழுங்கையிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளின் வீடுகளெல்லாம் அவள் சொல்லைக் கேட்டுத்தான் நடக்கும்.

வழியில் கிருஷ்ணராஜ் தொண்டையைச் செருமினார். "பிரேக்ல கோளாறு, கண்டுபுடிச்சுச் செஞ்சாச்சுன்னு சொன்னாப் போதாதா? பல்பு கதை எதுக்கு? நான் ஆபீஸ்ல நாலு பேரோட பழகுறவன். பேரு கெட்டுப்போகும்."

"எம் பேரு கெடலியா?"

"ஒன் பேர் வேற..."

"என்ன வேற?"

இன்னும் ஒரு வார்த்தை பேசினால் வண்டியை எங்காவது மோதிவிடுவோமோ என்று கஜனி பயந்தாள்.

ஹிதாயா கேட்டைத் திறக்காமல், கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டாள். கஜனி சென்சரைப் பற்றிச் சொன்னாள். வயரைப் பற்றிச் சொன்னாள். ஆற்றைப் பற்றிச் சொன்னாள். பல்பு வரைக்கும் வந்து நிறுத்திவிட்டு, அண்ணனைப் பார்த்தாள். அதை அவரே சொல்லட்டும் என்று விட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து, துருவலையைத் தட்டி வைக்கிற சத்தமும் கேட்டது.

"லைட்ட நாந்தான் கழட்டினேன்" என்றார் கிருஷ்ணராஜ். "பெத்தவங்க சும்மா சும்மா கேக்குறாங்கன்னு..."

"கேட்டது நான்தான்" என்றாள் ஹிதாயா.

அவர் நிமிர்ந்தார்.

"மகளச் சேக்க வந்த நாள் முன்சீட்டுல நான்தான் இருந்தேன். அது என்ன லைட்டுண்டு கேட்டேன். ஒண்ணுமில்ல, செஞ்சு தாறேன் எண்டீங்க. அடுத்த மொற பாத்தா லைட் இல்ல. செஞ்சுட்டீங்க எண்டு நெனச்சேன். நல்ல மனுசன் எண்டு எல்லாருக்கும் சொன்னேன்." அவளுடைய குரல் உயரவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. "மகள்ட ஒதட்டுல தையல் போடக்குள்ள நான்தான் புடிச்சிட்டு நிண்டேன். ஒங்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது."

பிறகு கஜனியின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒவ்வொரு நாளும் சாவி போடுறீங்க. ஒரு லைட் கொறையுதெண்டு ஒரு நாளும் காணல்லயா?"

"காணல" என்றாள் கஜனி.

ஹிதாயா கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்கு நீங்க வாங்க. மகளை அனுப்புறேன். இவர் ஓட்டி வந்தா இந்தக் கேட் தொறக்காது. மத்த வீடுகளுக்கும் நானே சொல்றேன். பல்பு கதையும் சேத்துத்தான் சொல்லுவேன்." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "முன்சீட்டுல என் புள்ள இருக்காது. பின்னுக்கு வைங்க."

"சரி."

வேன் ஒழுங்கையை விட்டுப் பிரதான வீதிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையானாலும் கடைகளுக்கு முன்னால் கூட்டம்தான், வாகனங்கள் ஊர்ந்தன. அண்ணன் சீட்டில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"ஒரு வழியா முடிஞ்சுது. நீயே ஓட்டு. நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா அவ ஊரெல்லாம் சொல்லாம பாத்துக்க. நீ கொஞ்சம் பக்குவமாப் பேசினா கேப்பா. பொம்பளைக்குப் பொம்பளை..."

கஜனி பிரேக்கை மிதித்தாள். வேன் அந்த இடத்திலேயே நின்றது. பின்னால் வந்தவன் ஹோன் அடித்தான்.

"எறங்குங்க."

"என்னடி?"

"எறங்குங்கண்ணே. வத்தேகம பஸ் வரும்."

"நடு ரோட்டுல நிப்பாட்டிக்கிட்டு... எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும்."

ஹோன்கள் கூடின. யாரோ ஒருவன் தலையை வெளியே நீட்டி, பெண் பிள்ளை வண்டி ஓட்டினால் இப்படித்தான் என்று சிங்களத்தில் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவுமில்லை. கிருஷ்ணராஜ் கதவைத் திறந்து, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, வாகனங்களுக்கு நடுவே இறங்கி நடைபாதைக்குப் போகும்வரை அப்படியே இருந்தாள்.